நுவார் படமும் "ஒண்ணுமே புரியல" கமெண்டும்: புதுசா பாக்க வர்றவங்களுக்கு கோத்தகிரில இருந்து ஒரு வழிகாட்டி

இது சினிமா படிச்சவங்களுக்கு எழுதுனது இல்ல, அத மொதல்லயே சொல்லிடறேன். ஓடிடில க்ரைம் திரில்லர்னு தேடறீங்க, ஒரு படம் வருது, கீழ பாதிப் பேரு "வேற லெவல்"ங்கறான், மீதிப் பேரு "ரெண்டு மணி நேரம் வேஸ்ட்"ங்கறான், நடுவுல நீங்க ரிமோட்டோட முழிச்சிட்டு உக்காந்திருக்கீங்க பாருங்க, உங்களுக்குத்தான். அதுலயும் எங்க கோத்தகிரி, குன்னூர் பக்கம் இருக்கறவங்களுக்கு இது ரொம்பவே உதவும், ஏன்னா மழ பிடிச்சா சாயந்திரத்துக்கு மேல வெளிய தல காட்ட முடியாது, படம்தான் கதி, தப்பான படத்தப் போட்டுட்டா அன்னிக்கு ராத்திரி பூரா வீட்டுல பேச்சு வாங்கணும்.

சாதாரண க்ரைம் படத்துல கேள்வி ஒண்ணுதான், யாரு கொன்னாங்க. நுவார்னா ஆசையிலயும் ஏமாத்தலயும் சிக்கி ஆளுக தனக்குத்தானே குழி வெட்டிக்கற, இருட்டான க்ரைம் பட வகை, அதுல பல நேரம் அது கேள்வியே கெடையாது. 1944ல பில்லி வைல்டர் எடுத்த 'டபுள் இன்டெம்னிட்டி'ய எடுத்துக்கோங்க, படம் ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே அந்த இன்சூரன்ஸ் ஏஜென்ட் நடுராத்திரி ஆபீசுக்கு வந்து டிக்டாஃபோன்ங்கற குரல் பதிவு பண்ற மெஷின் முன்னாடி உக்காந்து நாந்தான் கொன்னேன், பணத்துக்காகவும் ஒரு பொம்பளைக்காகவும் கொன்னேன், ரெண்டுமே கெடைக்கலன்னு சொல்லிடறான். அப்புறம் மீதிப் படத்த எதுக்குப் பாக்கணும்? இவன் எந்த இடத்துல "வேணாம்பா"ன்னு திரும்பிப் போயிருக்கலாம், ஏன் போகலன்னு பாக்கத்தான். இந்த ஒரு கேள்விய கையில வச்சுக்கிட்டா போதும், படம் பாக்கறதுக்கும் சரி, மத்தவங்க கருத்தப் படிக்கறதுக்கும் சரி. அவன் திரும்பிப் போயிருக்கக்கூடிய இடம் எது? இத யோசிக்காம எழுதுன விமர்சனம் பாராட்டா இருந்தாலும் திட்டா இருந்தாலும் நான் பெருசா எடுத்துக்கறதில்ல.

மொத வேல: கமெண்ட்ட மொழிபெயர்க்கக் கத்துக்கோங்க

ஸ்டார பாக்காதீங்க, சராசரி மார்க் நுவார் விஷயத்துல சுத்தமா உதவாது. அஞ்சு ஸ்டார் நெறைய, ஒரு ஸ்டாரும் நெறைய, நடுவுல காலின்னு இருந்தா அந்தப் படம் ஆளுகளப் பிரிக்குதுன்னு அர்த்தம், கெட்ட படம்னு அர்த்தம் இல்ல. நான் மூணு ஸ்டார் குடுத்தவங்க எழுதுனத மொதல்ல படிப்பேன், அவங்களுக்குத்தான் சண்ட போடவும் அவசியம் இல்ல, சாமி கும்பிடவும் அவசியம் இல்ல, பிடிச்சதையும் பிடிக்காததையும் சேத்து எழுதியிருப்பாங்க.

"ஸ்லோ"ன்னு ஒரு வார்த்த வரும், கண்டிப்பா வரும், எல்லா நுவார் படத்துக்கும் கீழ வரும். எங்க ஸ்லோன்னு எழுதியிருக்காங்களான்னு பாருங்க. "மொத பாதி மெதுவா போச்சு, அப்புறம் புடிச்சுக்கிச்சு"ன்னா பயப்படாதீங்க, மொத பாதில வலைய விரிக்கறாங்க, அதுக்கு நேரம் ஆகத்தான் செய்யும். "கடைசி அரை மணி நேரம் இழுவை"ன்னு நாலஞ்சு பேரு தனித்தனியா சொல்லியிருந்தா அது உண்மையான கொற, ஏன்னா வலைல விழுந்தவன் துடிக்கற நேரத்துல படம் தூங்கக்கூடாது.

"எல்லாருமே கெட்டவங்க, யாருக்காக நான் கவலப்படறது"ன்னு ஒரு வகை. நாங்க சேந்து படம் பாக்கற கூட்டத்துல ஜீப் ஓட்டற ஒரு அண்ணன் இருக்காரு, எந்தப் படம் போட்டாலும் இததான் கேப்பாரு. நியாயமான கேள்விதான், நம்ம ஊர்ல நாயகன் அறிமுகம் ஆகறப்பவே அவன் நல்லவனா இல்லையான்னு தெரிஞ்சு பழகிட்டோம். ஆனா இது படத்த வர்ணிக்கற வரி, படத்து மேல தீர்ப்பு இல்ல. மொளகா காரமா இருக்குன்னு சொல்ற மாதிரி. உங்களுக்குக் காரம் ஒத்துக்குமா ஒத்துக்காதாங்கறது உங்க வயித்தப் பொறுத்தது.

"ட்விஸ்ட் முன்னாடியே தெரிஞ்சுருச்சு"ன்னு எழுதுனா தாண்டிப் போயிடுங்க. ட்விஸ்ட்ட மட்டும் நம்பி எடுத்த படம் ரெண்டாவது தடவ பாத்தா செத்துப் போயிரும், நுவார் அப்படி இல்ல, முடிவு தெரிஞ்சு பாக்கறப்பதான் ஆளு தனக்குத்தானே குழி வெட்டறது நல்லா தெரியும்.

"லாஜிக் இல்ல"ங்கறது கொஞ்சம் சிக்கல். சில சமயம் அவங்க சொல்றது சரியாவே இருக்கும். 1946ல வந்த 'தி பிக் ஸ்லீப்' பத்தி ஒரு பழைய கத உண்டு, படத்துல செத்துப் போற டிரைவர யாரு கொன்னாங்கன்னு குழம்பி, நாவல் எழுதுன ரேமண்ட் சேண்ட்லர்கிட்டயே கேட்டா அவருக்கும் தெரியலயாம். அந்தப் படத்த இன்னிக்கும் ஆளுக பாக்கறாங்க. அதுக்காக இன்னிக்கு எடுக்கற படத்துல எல்லா ஓட்டைக்கும் "நுவார்னா அப்படித்தான்"னு பேண்டேஜ் ஒட்டுற ஆளுகளையும் நம்பாதீங்க. அதே மாதிரி "இது மாஸ்டர்பீஸ், உனக்கெல்லாம் புரியாது"ன்னு எழுதறவங்க, அவங்களுக்கு என்ன புரிஞ்சுதுன்னு ஒரு வரி கூட எழுதியிருக்க மாட்டாங்க, கவனிச்சுப் பாருங்க.

ஒரே ஒரு கொற இருக்கு, அத மட்டும் தாண்டிப் போகாதீங்க. பொண்ணுங்கள எப்படிக் காட்டியிருக்காங்கன்னு பெண் பார்வையாளர்கள் எழுதறது. ஆம்பளைய ஆச காட்டிக் குழில தள்ற பொம்பளங்கறது நுவாரோட பழைய சரக்கு, அத இன்னிக்கும் அப்படியே தூக்கிட்டு வர்ற படம் சோம்பேறிப் படம்தான். அதே சரக்க எடுத்து அந்தப் பொண்ணு பக்கத்துல இருந்து யோசிச்ச படம் வேற மாதிரி இருக்கும். எது எதுன்னு அந்தக் கமெண்ட்லதான் தெரியும், ஆம்பளைங்க எழுதுனதுல அனேகமா தெரியாது.

"வில்லனுக்குத் தண்டனையே குடுக்கலயே"ன்னு கோவப்படறதுக்கு முன்னாடி

இந்தப் புகாருக்குப் பின்னால ஒரு வரலாறு இருக்கு, கொஞ்சம் பொறுமையா கேளுங்க. ஹாலிவுட்ல 1934லேர்ந்து ஒரு தயாரிப்பு விதி கறாரா இருந்துச்சு, ஹேஸ் கோட்னு சொல்லுவாங்க, குத்தம் பண்ணவன் ஜெயிச்சிட்டான்னு படத்த முடிக்க விடமாட்டாங்க. அதனால பழைய நுவார்ல எவ்வளவு அழுக்கக் காட்டுனாலும் கடைசில குண்டடியோ கைவிலங்கோ வந்தே தீரும். 1968ல அந்த விதி போயி வயசப் பாத்து ரேட்டிங் குடுக்கற முறை வந்துச்சு. அதுக்கப்புறம்தான் குத்தவாளி கோட்ட மாட்டிட்டு ஜாலியா நடந்து போக முடிஞ்சுது.

1974ல வந்த 'சைனாடவுன்' இதுக்கு நல்ல உதாரணம். 1930கள்ல லாஸ் ஏஞ்சலஸ்ல தண்ணிய வச்சு நடக்கற கொள்ள, ஜாக் நிக்கல்சன் ஒரு தனியார் துப்பறிவாளர், தனக்கு எல்லாம் தெரியும்னு நெனச்சிட்டு மூக்க நொழைச்சு மூக்குலயே வெட்டு வாங்கறாரு. திரைக்கதை எழுதுன ராபர்ட் டவுன் கொஞ்சம் ஆறுதலான முடிவுதான் வச்சிருந்தாரு, இயக்குநர் பொலான்ஸ்கிதான் அத மாத்தி இருட்டாக்குனாரு. திரைக்கதைக்கு ஆஸ்கரும் கெடைச்சுது. அந்த முடிவப் பத்தி இன்னிக்கும் ரெண்டு கட்சி இருக்கு, நான் பொலான்ஸ்கி சொன்ன முடிவுதான் சரின்னு சொல்ற கட்சி. வருஷத்துல பாதி நாள் மழையில நனைஞ்சிட்டு கோடைல குடத்தோட வரிசைல நிக்கற ஊர்க்காரங்க நாம, தண்ணி எங்க போவுதுன்னு கேட்டவனுக்கு என்ன ஆகும்ங்கற கத நமக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்ல. இன்னொண்ணு, அந்தப் படத்துல பாதிக்கு மேல நல்ல வெயில். நுவார்னா எப்பவும் இருட்டும் மழையும்னு நெனைக்காதீங்க.

ஆக, ஒரு படத்துல நியாயம் கெடைக்கலன்னு கமெண்ட் பாத்தா, டைரக்டர் வேணும்னே கெடைக்காம விட்டாரா, இல்ல முடிக்கத் தெரியாம விட்டாராங்கறதுதான் கேக்க வேண்டிய கேள்வி. 2014ல வந்த 'நைட்க்ராலர்'ல விபத்து நடந்த எடத்துக்கு மொத ஆளா ஓடி வீடியோ எடுத்து டிவிக்கு விக்கறவன் கடைசில எங்க நிக்கறான்னு பாருங்க, அது வேணும்னே வச்ச முடிவு, நம்மளையும் சேத்துக் கேக்குது, ஏன்னா அந்த வீடியோவ வாங்கறது டிவி, பாக்கறது நாமதான.

ரெண்டாவது வேல: எடத்த ரெடி பண்றது

சிரிக்காதீங்க, "படம் ஒண்ணுமே தெரியல, ஒரே இருட்டு"ன்னு வர்ற கமெண்ட்ல நெறைய டிவி செட்டிங் பிரச்சனதான். பகல்ல ஜன்னல தெறந்து வச்சு போன்ல பாத்தா எப்படித் தெரியும். ராத்திரி பாருங்க, லைட்ட அணைங்க, டிவில 'விவிட்' மோட எடுத்துட்டு 'சினிமா' இல்ல 'ஃபிலிம்மேக்கர்' மோடு வைங்க, மோஷன் ஸ்மூத்திங்க ஆஃப் பண்ணுங்க, இல்லாட்டி எல்லாப் படமும் சீரியல் மாதிரி வழவழன்னு ஓடும். கரண்டு மிச்சம் பண்ற எக்கோ மோடு இருந்தா அதையும் எடுத்துடுங்க, அதுதான் இருட்டுக் காட்சில வெளிச்சத்த இன்னும் கொறைக்கும்.

வெளிச்சம் ஏன் இவ்வளவு முக்கியம்னா, நுவார்ல கதைய பாதி சொல்றதே அதுதான். 'டபுள் இன்டெம்னிட்டி'ல ஜன்னல் பலகை நெழலு ஆளு மேல கோடு கோடா விழும், ஜெயில் கம்பி மாதிரி, அவன் இன்னும் தப்பே பண்ணியிருக்க மாட்டான். அந்த வெளிச்சக் கீத்து காத்துல தெரியணும்னு கேமராமேன் ஜான் சீட்ஸ் அலுமினியத் தூள காத்துல தூவி எடுத்தாராம். நமக்கு தூளெல்லாம் வேணாம், பனிமூட்டத்துல கட்டபெட்டு பக்கம் எதிர்ல ஒரு லாரி லைட்டப் போட்டுட்டு வந்தா அதே வெளிச்சம்தான்.

அப்புறம் மலைக்குன்னு தனியா சில சங்கதி. மழ நாள்ல நெட்ட நம்பாதீங்க, முந்துன நாள் ராத்திரியே டவுன்லோடு பண்ணி வைங்க. காத்து அடிச்சா எங்கயாவது ஒரு கற்பூர மரம் லைன் மேல சாயும், கரண்டு போகும், இன்வெர்ட்டர் இல்லாட்டி லேப்டாப்ல சார்ஜ் ஏத்தி வச்சுக்கோங்க. தகர ஷீட்டு போட்ட வீடுன்னா மழச் சத்தத்துல வசனம் ஒண்ணும் கேக்காது, நுவார்ல முக்கியமான வசனத்தையெல்லாம் முணுமுணுன்னுதான் பேசுவானுங்க, அதனால தமிழ்ப் படமா இருந்தாலும் சப்டைட்டில் போட்டுக்கோங்க, வெக்கப்பட வேணாம். புரொஜெக்டர் வாடகைக்கு எடுத்துட்டு வந்தா குளிர்ல இருந்து வந்த உடனே ஆன் பண்ணாதீங்க, ரூமு சூட்டுக்கு லென்ஸ்ல ஆவி படிஞ்சிருக்கும், அரை மணி நேரம் சும்மா வச்சிட்டு அப்புறம் போடுங்க, துணி வச்சுத் தேச்சுத் தேச்சு கீறல் போட்டுடாதீங்க.

குளிருதுன்னு ரூம சாத்திட்டு உள்ள கரி அடுப்பு மூட்டாதீங்க. இத வெளையாட்டா சொல்லல. கரிப்பொகைல வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசமும் கெடையாது நெறமும் கெடையாது, தூக்கம் வர்ற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். கம்பளி போத்திக்கோங்க, வர்க்கியும் டீயும் வச்சுக்கோங்க, போதும்.

கூட்டமா பாக்கறதுன்னா ராத்திரி வரைக்கும் காத்திருக்காம, ஜன்னல மூடி இருட்டாக்கிட்டு நாலு மணிக்கே ஆரம்பிச்சுடுங்க. பக்கத்து ஹட்டிலருந்தும் (படகர் ஊரு) எஸ்டேட் லைன்லருந்தும் வர்றவங்க கடைசி பஸ்ஸ விட்டுட்டா தேயிலத் தோட்டத்து வழியா நடக்கணும், கரடியும் காட்டுமாடும் நுவார் பாக்கறதில்ல, அதுங்களுக்கு நேரா வரத்தான் தெரியும்.

பாக்கறப்போ

போன ஓரமா வைங்க. யாருக்கு என்ன தெரியும்னு மட்டும் மனசுல ஒரு கணக்கு வச்சுக்கோங்க. 1984ல கோயன் சகோதரர்கள் மொத மொதல்ல எடுத்த 'பிளட் சிம்பிள்' இதுக்கு நல்ல பயிற்சி, டெக்சாஸ்ல ஒரு பார் முதலாளி, அவரு பொண்டாட்டி, அங்க வேல செய்யற ஒருத்தன், ஒரு துப்பறிவாளன், ஒவ்வொருத்தருக்கும் பாதிதான் தெரியும், அதுவும் தப்பாத் தெரியும், முழுசா தெரிஞ்சது நமக்கு மட்டும்தான். அந்தக் கணக்க விட்டுட்டா "புரியல"ன்னு வந்து நிப்பீங்க. நடுவுல "இவன் யாரு"ன்னு கேக்கற சித்தப்பா எல்லா வீட்டுலயும் ஒருத்தர் இருப்பாரு, அவருக்கு முன்னாடியே பேரு சொல்லிக் குடுத்துடுங்க.

மூணாவது வேல: உங்க கருத்த எழுதறது

முடிஞ்ச உடனே எழுதாதீங்க, ஒரு ராத்திரி தள்ளிப் போடுங்க. மத்தவங்க எழுதுனத அதுக்கு முன்னாடி படிக்காதீங்க, படிச்சா உங்க வாயில அவங்க வார்த்ததான் வரும்.

'ஆரண்ய காண்டம்' வச்சே சொல்றேன், தமிழ்ல நியோ நுவார்னு, அதாவது பழைய நுவார் பாணிய இந்தக் காலத்துல எடுக்கறதப் பத்திப் பேசுனா மொதல்ல வர்ற பேரு அதுதான். தியாகராஜன் குமாரராஜாவோட மொத படம், 2011 ஜூன்ல வந்துச்சு, வடசென்னைல ஒரே நாள்ல நடக்கற கத, பி.எஸ்.வினோத் ஒளிப்பதிவு, யுவன் பின்னணி இசை மட்டும்தான், பாட்டுன்னு ஒண்ணும் கெடையாது. சென்சார்ல 52 வெட்டு கேட்டாங்க, தீர்ப்பாயம் வரைக்கும் போயிதான் வெளிய வந்துச்சு. தியேட்டர்ல ஓடல. அப்புறம் மொத பட இயக்குநருக்கும் எடிட்டிங்குக்கும் தேசிய விருது வந்துச்சு, ஆளுக மெதுவா தேடிப் பாக்க ஆரம்பிச்சாங்க. அதாவது கருத்து எப்படித் திரும்பும்ங்கறதுக்கே இந்தப் படம் ஒரு சாட்சி.

இதப் பத்தி எங்க கூட்டத்துல பேசுனப்போ ஜீப் அண்ணன் வழக்கம் போல "எல்லாப் பயலும் ரவுடிப் பயலுக, நான் யாரு பக்கம் நிக்கட்டும்"ன்னாரு. டீ ஃபேக்டரி ஆபீஸ்ல வேல பாக்கற அக்கா ஒருத்தங்க, "அண்ணா, நீங்க அந்த வயசான தாதா சிங்கப்பெருமாளையும் அவரு ஆளு பசுபதியையுமே பாத்துட்டு இருந்தீங்க, அடுத்த தடவ அந்த தாதா வீட்டுல இருக்கற பொண்ணு சுப்புவ மட்டும் பாருங்க"ன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க, கதைய ஒடைக்கல. அண்ணன் மறுபடி பாத்தாரு, பாத்துட்டு "காளையனும் அவன் பையனும்தாங்க எனக்குப் புடிச்சுது, மத்தபடி நான் சொன்னதுதான்"ன்னாரு. கருத்த மாத்திக்கல, ஆனா மொத தடவ சொன்னதுக்கும் இதுக்கும் வித்தியாசம் பாருங்க, இப்போ ஆளு பேரு வந்துருச்சு, காரணம் வந்துருச்சு. அந்த அப்பனும் மகனும் வர்ற எடத்துலதான் மனசு உக்காரும்னு நானும் சொல்லுவேன், அந்த அப்பனா வர்ற குருசோமசுந்தரம் கெட்டிக்காரத்தனமா பண்ணியிருப்பாரு.

எழுதறப்போ மூணு விஷயம் இருந்தா போதும். எந்த எடத்துல உங்களுக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுது. யாரு எந்த எடத்துல திரும்பிப் போயிருக்கலாம்னு உங்களுக்குத் தோணுச்சு, அத படம் உங்கள நம்ப வச்சுதா. கண்ணுலயோ காதுலயோ நின்ன ஒரே ஒரு சங்கதி, அது ஒரு நெழலா இருக்கலாம், பின்னால ரேடியோல ஓடற பழைய பாட்டா இருக்கலாம். முடிவ எழுதாதீங்க, யாரு சாகறாங்கன்னு எழுதாதீங்க, "கடைசி இருவது நிமிஷம் மிஸ் பண்ணாதீங்க"ன்னும் எழுதாதீங்க, அதுவும் ஒரு வகைல ஒடைக்கறதுதான். வன்முற, வசவு, மிருகத்த வச்சு சண்ட இதெல்லாம் இருந்தா ஒரு வரி முன்னாடியே சொல்லிடுங்க, 'ஆரண்ய காண்ட'த்துல வர்ற சேவல் சண்டையப் பாத்துட்டு எந்திரிச்சுப் போனவங்க உண்டு, அவங்க மேல தப்பு சொல்ல முடியாது.

எதுல ஆரம்பிக்கறது

வீட்டோட பாக்கணும்னா 'அந்த நாள்'. 1954ல வீணை எஸ்.பாலசந்தர் ஏவிஎம்முக்கு எடுத்தது, பாட்டு கெடையாது, டான்ஸ் கெடையாது, சண்ட கெடையாது, அந்தக் காலத்துல அதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்னு யோசிங்க. 1943 அக்டோபர்ல மெட்ராஸ்ல ஜப்பான்காரன் குண்டு போட்ட சமயம், ஒரு ரேடியோ இன்ஜினியர் சுட்டுச் செத்துக் கெடக்கறாரு, சந்தேகத்துல இருக்கற ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு கத சொல்றாங்க. சிவாஜிய இப்படி ஒரு வேஷத்துல பாட்டி தாத்தாவே மறந்திருப்பாங்க. அதுவும் வந்தப்போ சரியா ஓடல. அடுத்து 'டபுள் இன்டெம்னிட்டி', அதுக்கப்புறம் 'பிளட் சிம்பிள்', 'நைட்க்ராலர்', இந்த வரிசைல போனா பழசுலருந்து புதுசுக்கு வர்ற வழி தெரியும். 'சைனாடவுன்' ரெண்டு மணி நேரத்துக்கு மேல போகும், தூக்கம் வராத நாளாப் பாத்து வைங்க.

'ஆரண்ய காண்ட'த்த கடைசியா வச்சுக்கோங்க. 'ஏ' சர்டிபிகேட் படம், பசங்க தூங்குன பிறகு, கதவச் சாத்திட்டு, சத்தத்தையும் கொறச்சு வச்சுப் பாருங்க, ராத்திரி மழ விட்ட நேரத்துல எங்க பக்கம் ஒரு வீட்டுப் பேச்சு எதிர் மேடு வரைக்கும் கேக்கும், அதுல வர்ற வசவுக்கெல்லாம் மறுநாள் காலைல பால் ஊத்த வர்றவருக்கு நீங்கதான் பதில் சொல்லணும்.